பக்க டைட்டிலும் மெட்டா டிஸ்கிரிப்ஷனும்: தமிழ்த் தளம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்ன அளவில் தமிழில் இணையதளம் நடத்துபவர்களுக்காக எழுதியது இது. கடை, சமையல் குறிப்பு, உள்ளூர்ச் செய்தி, எதுவாக இருந்தாலும் சரி. இந்த விஷயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் உள்ள பல கணக்குகள் தமிழ் எழுத்துக்குப் பொருந்தாது, அது தெரியாமலே நம் ஆட்கள் அப்படியே பின்பற்றுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். உதாரணத்துக்கு ஒரே ஒரு கடையை வைத்துக்கொள்வோம்: காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி, தன் சொந்தத் தளத்தில் விற்கும் ஒரு கற்பனைக் கடை.

டைட்டில் என்றால் பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் தெரியும் தலைப்புதானே?

இரண்டும் வேறு வேறு. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது ஹெச்1 தலைப்பு. டைட்டில் டேக் பக்கத்தின் ஹெட் பகுதியில், அதாவது பிரவுசருக்கும் தேடுபொறிக்குமான குறிப்புகள் இருக்கும் இடத்தில், உட்கார்ந்திருக்கும், பக்கத்துக்குள் எங்கும் தெரியாது. பிரவுசர் டேபில் தெரியும், புக்மார்க் போட்டால் அதில் பெயராக வரும், கூகுள் தேடலில் கிளிக் செய்யும் வரியாகப் பெரும்பாலும் அதுதான் வரும். பார்வையற்றவர்கள் ஸ்கிரீன் ரீடரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் காதில் விழுவதும் டைட்டில்தான். அதனால்தான் எல்லாருக்கும் எட்டும்படி தளம் அமைப்பதற்கான சர்வதேச விதிகள், பக்கத்துக்குப் பொருத்தமான டைட்டில் இருக்க வேண்டும் என்பதை ஆக அடிப்படைப் படியான லெவல் ஏ-யிலேயே வைத்திருக்கின்றன. கூடவே பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல்-லில் (இணையப் பக்கம் எழுதப்படும் குறிமொழி) குறித்துவிடுங்கள். அப்போதுதான் ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலுக்கு மாறத் தெரிந்துகொள்ளும்.

மெட்டா டிஸ்கிரிப்ஷனும் அதே ஹெட் பகுதியில்தான். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே இரண்டு வரி வருகிறதே, அந்த ஸ்னிப்பெட்டுக்காக நாம் எழுதிக் கொடுக்கும் வாசகம் அது.

இவற்றை மாற்றினால் ரேங்க் ஏறுமா?

டைட்டில் உதவும். பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறி புரிந்துகொள்ள எடுக்கும் தடயங்களில் அது முக்கியமான ஒன்று. ஆனால் பக்கத்துக்குள் சரக்கு இல்லாமல் டைட்டிலை மட்டும் மாற்றி மேலே வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டிஸ்கிரிப்ஷன் ரேங்கிங்கில் கணக்கில் வராது. 2009 செப்டம்பரிலேயே கூகுள் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அப்புறம் எதற்கு எழுத வேண்டும் என்றால், பத்து முடிவுகள் வரிசையாக நிற்கும்போது எதைக் கிளிக் செய்வது என்று ஒருவர் முடிவு செய்வது அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான். ஐந்தாவது இடத்தில் இருந்தும் நல்ல வரியால் ஆள் உள்ளே வருவார், இரண்டாவது இடத்தில் இருந்தும் மொட்டையான வரியால் தாண்டிப் போய்விடுவார்.

கீவேர்ட் டேக் போட வேண்டுமா?

வேண்டாம். பக்கம் எந்தெந்தத் தேடல் சொல்லுக்கானது என்று ஹெட் பகுதியில் பட்டியல் போடும் டேக் அது. அதையும் கூகுள் பார்ப்பதில்லை என்று அதே 2009 அறிவிப்பில் இருக்கிறது. இன்னமும் அதை நிரப்பித் தருவதற்குக் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

டைட்டில் எத்தனை எழுத்து இருக்கலாம்? 60 என்கிறார்களே?

அந்த 60 ஆங்கில எழுத்துக்குப் போட்ட கணக்கு. கூகுளின் சொந்த வழிகாட்டியில் டைட்டிலுக்கு நீள வரம்பே கிடையாது. திரையில் இடம் போதவில்லை என்றால் வெட்டிக் காட்டுவோம் என்றுதான் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் அந்த இடம் சுமார் 600 பிக்சல் அகலம் என்பது துறையில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. கைபேசியில் இரண்டு வரியாக மடிந்தும் வரலாம்.

தமிழில் என்ன சிக்கல் என்றால், பிளகின்கள் (தளத்தில் சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவிகள்) எண்ணுவது நாம் எழுத்து என்று நினைப்பதை அல்ல. 'நல்லெண்ணெய்' நம் கணக்கில் ஆறு எழுத்து. கம்ப்யூட்டரோ புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணி 11 என்று சொல்லும். அதில் புள்ளி அகலத்தில் இடமே பிடிப்பதில்லை, ஆனால் ண, ஞ, ஊ மாதிரி எழுத்துகள் ஆங்கில எழுத்து இரண்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக எண்ணிக்கை இரண்டு பக்கமும் தப்புகிறது. பிளகினில் பச்சை விளக்கு எரிந்தும் தேடலில் வெட்டுப்படலாம், சிவப்பு எரிந்தும் முழுசாகத் தெரியலாம்.

அதனால் தமிழ் டைட்டிலுக்கு எண்ணிக்கை பார்க்காதீர்கள், அகலம் பாருங்கள். பிக்சல் கணக்கில் முன்னோட்டம் காட்டும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எண்ணெய்க் கடை அளவுக்குச் சொன்னால் ஐந்து, ஆறு சொல்லுக்குள் விஷயம் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் போகட்டும், ஆனால் வெட்டுப்பட்டாலும் அர்த்தம் நிற்கிற மாதிரி முக்கியமான சொற்கள் முன்னால் இருக்கட்டும். தமிழில் வினை கடைசியில் வரும் என்பதை மறக்காதீர்கள். 'நல்லெண்ணெய் வாங்கும்போது கலப்படம் இல்லாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி' என்று எழுதினால் வெட்டு விழும்போது போவது 'எப்படி'தான், அதுதான் கேள்வியின் உயிரே. 'நல்லெண்ணெய் கலப்படம்: வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி' என்றால் பாதியில் நின்றாலும் புரியும்.

சரி, ஒரு பக்கத்துக்கு டைட்டில் எழுத உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது?

அந்தப் பக்கத்தில் மட்டும் என்ன இருக்கிறது என்று உங்களையே கேளுங்கள். நம் தளத்தின் வேறு எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாத டைட்டில்தான் நல்ல டைட்டில்.

எண்ணெய்க் கடைகளின் தளங்களில் நான் வழக்கமாகப் பார்ப்பது இது: முகப்புப் பக்கத்துக்கு 'முகப்பு', பொருள் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் 'தூய எண்ணெய் | சிறந்த எண்ணெய் | இயற்கை எண்ணெய் | கடைப்பெயர்'. இருபது பக்கம், ஒரே டைட்டில். தேடுபவருக்கு எது கடலை எண்ணெய்ப் பக்கம், எது விளக்கெண்ணெய்ப் பக்கம் என்று தெரியாது, கூகுளுக்கும் அது சொல்வது ஒன்றுமில்லை.

இப்படி மாற்றிப் பாருங்கள். நல்லெண்ணெய்ப் பக்கத்துக்கு 'மரச்செக்கு நல்லெண்ணெய், கருப்பட்டி சேர்த்து ஆட்டியது – 1 லிட்டர்'. கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது வாங்குபவர்கள் தேடிப் பார்க்கிற விஷயம், சில கடைகள் சேர்ப்பதில்லை, நீங்கள் சேர்க்கிறீர்கள் என்றால் அதை டைட்டிலிலேயே சொல்லுங்கள். முகப்புக்கு 'காங்கேயம் மரச்செக்கு எண்ணெய் – நேரடி விற்பனை' என்று வைக்கலாம். ஊர்ப்பெயர் முக்கியம். பக்கத்து ஊர்க்காரர் 'பக்கத்தில் செக்கு எண்ணெய் எங்கே கிடைக்கும்' என்றுதான் தேடுவார்.

'சிறந்த', 'நம்பர் ஒன்', 'தரமான' மாதிரிச் சொற்களைத் தூக்கிவிடுங்கள். எல்லாரும் போடுவதால் எதையும் பிரித்துக் காட்டாது, இடத்தை மட்டும் தின்னும். அதே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்குவதும் அப்படியே. 'கடலை எண்ணெய் கடலை எண்ணெய் விலை கடலை எண்ணெய் ஆன்லைன்' என்று ஒரு டைட்டிலைப் பார்த்தால் வாங்க வந்தவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

எண்ணெய் என்று எழுதுவதா, எண்ணை என்று எழுதுவதா? மக்கள் தப்பாகத்தானே தேடுகிறார்கள்?

டைட்டிலில் சரியான எழுத்தையே போடுங்கள். அது உங்கள் கடையின் முகம். எண்ணெய், வெண்ணெய், கறிவேப்பிலை, இவை எல்லாவற்றுக்கும் பேச்சு வழக்கில் ஒட்டிய இன்னொரு எழுத்து உண்டு, மக்கள் இரண்டையும் தட்டுகிறார்கள் என்பது உண்மைதான். அந்த இன்னொரு வடிவம் பக்கத்துக்குள் இயல்பாக ஓரிடத்தில் வந்தால் போதும். வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியாகவோ விமர்சனமாகவோ அது தானாகவே வந்துவிடும்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுபவர்கள் இன்னொரு பெரிய கூட்டம். 'நல்லெண்ணெய் பயன்கள்' என்பதை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். அவர்களுக்காக டைட்டிலையே தங்கிலீஷில் எழுதலாமா என்று கேட்டால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலத்திலோ தங்கிலீஷிலோ டைட்டில் வைத்தால் நிறையப் பேர் வருவார்கள் என்கிறார்களே?

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. பக்கம் தமிழில் என்றால் டைட்டிலும் தமிழில்தான் இருக்க வேண்டும். இது மொழிப்பற்றில் மட்டும் சொல்வதில்லை. 2022 ஜூனில் கூகுள் ஒரு மாற்றத்தை அறிவித்தது. பக்கத்தின் உள்ளடக்கம் ஒரு மொழியிலோ எழுத்திலோ இருந்து, டைட்டில் வேறு மொழியிலோ எழுத்திலோ இருந்தால், உள்ளடக்கத்தோடு பொருந்தும் தலைப்பை அவர்களே தேர்ந்தெடுத்துக் காட்டுவார்கள். ஆங்கில எழுத்தில் எழுதிய இந்தி டைட்டிலையே அதற்கு உதாரணமாகக் காட்டினார்கள். நம் தங்கிலீஷ் டைட்டிலும் அதே வகைதான். கஷ்டப்பட்டு யோசித்து வைத்தது தூக்கி எறியப்பட்டு, அவர்கள் கைக்கு எது கிடைத்ததோ அது தலைப்பாக வரும்.

ஒரு விலக்கு உண்டு. பொருளின் பெயரே ஆங்கிலத்தில்தான் புழங்குகிறது என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம், மொபைல் மாடல் பெயர், மென்பொருள் பெயர் மாதிரி. ஆனால் நல்லெண்ணெய்க்கு அது தேவையே இல்லை.

இரண்டு மொழியிலும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்றால் இரண்டு பக்கமாகப் பிரித்துவிடுங்கள். தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ் டைட்டில், ஆங்கிலப் பக்கத்துக்கு ஆங்கில டைட்டில், இரண்டும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றது என்று சொல்ல ஹெச்ரெஃப்லாங் குறிப்பு. ஒரே டைட்டிலில் பாதி இது பாதி அது என்று திணித்தால் இரண்டு பேருக்குமே பாதிதான் தெரியும்.

கடைப்பெயரை டைட்டிலில் எங்கே போடுவது?

முகப்பில் முன்னால், மற்ற பக்கங்களில் கடைசியில், ஒரு சின்னக் கோடு போட்டு. நீளமான பெயர் என்றால் உள்பக்கங்களில் விட்டுவிட்டாலும் பாதகமில்லை. 2022 அக்டோபரிலிருந்து கூகுள் தளத்தின் பெயரை டைட்டிலுக்கு மேலே தனியாகக் காட்ட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெயர் சரியாக வர, முகப்புப் பக்கத்தில் வெப்சைட் என்ற ஸ்கீமா குறிப்பில் (தேடுபொறி படிப்பதற்கென்றே எழுதும் தகவல்) பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

நான் எழுதிய டைட்டில் ஒன்று, கூகுள் காட்டுவது வேறொன்று. ஏன்?

கூகுளுக்கு அந்த உரிமை உண்டு, பல வருஷமாகவே செய்கிறது. 2021 ஆகஸ்டில் தலைப்பை உருவாக்கும் முறையை மாற்றியபோது உலகம் முழுக்கத் தளம் நடத்துபவர்கள் கூச்சல் போட்டார்கள். அதற்கப்புறம் சரிசெய்து, 2021 செப்டம்பரில், சுமார் 87% நேரம் பக்கத்தின் டைட்டில் டேகையே பயன்படுத்துகிறோம் என்றார்கள். மீதி நேரம் ஹெச்1 தலைப்பு, பக்கத்தில் பெரிதாகத் தெரியும் எழுத்து, பிற பக்கங்கள் இந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுக்கும்போது பயன்படுத்திய சொற்கள், இவற்றிலிருந்து எடுப்பார்கள்.

மாற்றுவதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களைப் படித்தால் நம் தளத்தின் நோய் என்னவென்று தெரிந்துவிடும். டைட்டில் பாதி காலியாக இருப்பது (கோடும் கடைப்பெயரும் மட்டும் இருக்கும், முன்னால் ஒன்றும் இருக்காது), காலாவதி ஆனது (உள்ளே இந்த வருஷ விலைப்பட்டியல், டைட்டிலில் இன்னும் 2021), எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றே, உள்ளே இல்லாததைச் சொல்வது. இவற்றைச் சரிசெய்துவிட்டு ஹெச்1 தலைப்பையும் டைட்டிலோடு ஒத்துப்போகிற மாதிரி வைத்தால் பெரும்பாலும் உங்கள் வரியே திரும்ப வரும். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, பொருள் ஒன்றாக இருந்தால் போதும்.

டிஸ்கிரிப்ஷனில் என்ன எழுதுவது? எவ்வளவு நீளம்?

நீளத்தை முதலில் முடித்துவிடுவோம். இதற்கும் வரம்பு கிடையாது, இடத்துக்கு ஏற்ப வெட்டுவார்கள். 2017 டிசம்பரில் ஸ்னிப்பெட்டை 320 எழுத்து அளவுக்கு நீட்டினார்கள், பலர் தளம் முழுக்க உட்கார்ந்து நீட்டி எழுதினார்கள், 2018 மே மாதத்துக்குள் பழையபடி சுருக்கிவிட்டார்கள். அதனால் எண்ணைத் துரத்தாதீர்கள். தமிழில் இரண்டு நடுத்தர வாக்கியம், முக்கியமானது முதல் வாக்கியத்தில். அவ்வளவு போதும்.

இப்போது உள்ளடக்கம். வாங்க நினைக்கும் ஒருவர் போன் செய்தால் முதலில் என்ன கேட்பார்? எள் எங்கிருந்து வருகிறது, எப்போது ஆட்டியது, என்ன விலை, எங்கெல்லாம் அனுப்புவீர்கள், பாட்டிலா டின்னா. அந்தப் பதில்களைத்தான் எழுத வேண்டும். 'வாகை மரச்செக்கில் கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெய். 1, 2, 5 லிட்டர் டின்களில், தமிழ்நாடு முழுவதும் கூரியரில் அனுப்புகிறோம்.' இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை, ஆனால் தேடி வந்தவருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. 'எங்கள் இணையதளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று தொடங்கும் டிஸ்கிரிப்ஷன்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. இருக்கிற இரண்டு வரியில் ஒன்றரை வரி வரவேற்பிலேயே போய்விடுகிறது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உணவுப் பொருள் விற்பவர்கள் டிஸ்கிரிப்ஷனில் 'சர்க்கரை நோய் குணமாகும்', 'மாரடைப்பு வராது' என்று எழுதாதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-இல் கொண்டுவந்த விளம்பர விதிகள் இப்படி நோயைக் குணப்படுத்தும் என்று உரிமை கொண்டாடுவதைக் கட்டுப்படுத்துகின்றன. விதியை விடுங்கள், அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

டிஸ்கிரிப்ஷனைக் கையால் ஹெச்டிஎம்எல்-லில் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: உள்ளே இரட்டை மேற்கோள் குறி போட்டால் வாசகம் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். ஒற்றைக் குறி போடுங்கள். பிளகின் வழியாக எழுதினால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு எழுதியும் கூகுள் பக்கத்தின் நடுவிலிருந்து ஏதோ ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறதே?

அது பெரும்பாலும் நல்லதுக்குத்தான். தேடியவர் என்ன கேட்டாரோ அதற்குப் பக்கத்துக்குள் நேரடியான பதில் இருந்தால் கூகுள் அதை எடுக்கும். ஒருவர் '5 லிட்டர் நல்லெண்ணெய் விலை' என்று தேடினால் உங்கள் விலை வரியைக் காட்டுவது உங்களுக்கே லாபம். ஆனால் காட்டுவது 'கார்ட்டில் சேர்', 'குக்கீ அனுமதி' மாதிரி குப்பை என்றால், அந்தப் பகுதியை ஸ்னிப்பெட்டில் எடுக்காதே என்று சொல்லும் டேட்டா-நோஸ்னிப்பெட் குறிப்பைப் போடலாம். 2019-இலிருந்து அது இருக்கிறது.

பக்கத்துக்குத் தகவல் இல்லை என்று மொட்டையாக வந்தால் அது வேறு கதை. தேடுபொறி எங்கெல்லாம் நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்தப் பக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உள்ளே நுழையவே விடவில்லை என்றால் டிஸ்கிரிப்ஷனை எப்படிப் படிக்கும்?

நானூறு பக்கம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கையால் எழுத வேண்டுமா?

டைட்டில் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வேண்டும். ஆனால் அதை டெம்ப்ளேட் வைத்துச் செய்யலாம்: பொருளின் பெயர், அளவு, கடைப்பெயர் என்று. டிஸ்கிரிப்ஷன் முகப்புக்கும், வகைப் பக்கங்களுக்கும், நன்றாக விற்கும் பொருள்களுக்கும், அதிகம் படிக்கப்படும் கட்டுரைகளுக்கும் கையால் எழுதுங்கள். மீதிக்கு எழுதாமல் விட்டுவிடலாம், கூகுள் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். நானூறு பக்கத்துக்கும் ஒரே டிஸ்கிரிப்ஷனை ஒட்டுவதைவிட வெறுமையே மேல்.

வேர்ட்பிரஸ், பிளாக்கரில் இதை எங்கே எழுதுவது?

வேர்ட்பிரஸ் டைட்டிலைத் தானே உருவாக்கும், டிஸ்கிரிப்ஷன் டேகைப் போடாது. யோஸ்ட், ரேங்க் மேத் மாதிரி ஏதாவது ஒரு பிளகின் போட்டால் ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயோ பக்கவாட்டிலோ இரண்டுக்கும் பெட்டி வரும். ஒன்றே ஒன்று போடுங்கள். இரண்டு எஸ்இஓ பிளகின் (தேடலுக்கு ஏற்பத் தளத்தைச் சீராக்க உதவுபவை) ஓடினால் பக்கத்தில் இரண்டு டிஸ்கிரிப்ஷன் உட்கார்ந்துவிடும். சில தீம்களும் தாமாகவே போட்டுவிடுகின்றன, அதனால் பிரவுசரில் பக்க மூலத்தைத் திறந்து டிஸ்கிரிப்ஷன் எத்தனை முறை வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பிளாக்கரில் செட்டிங்ஸ் போய், மெட்டா டேக் பகுதியில் தேடல் விளக்கத்தை இயக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு பதிவிலும் அந்தப் பெட்டி தோன்றும். பழைய டெம்ப்ளேட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அவற்றில் டைட்டில் 'தளப்பெயர்: பதிவின் பெயர்' என்ற வரிசையில் வரும். தளப்பெயர் நீளமாக இருந்தால் பதிவின் பெயர் தேடலில் தெரியவே தெரியாது. வரிசையை மாற்றுங்கள், அல்லது புதிய தீமுக்குப் போய்விடுங்கள்.

பக்க முகவரியையும் தமிழிலேயே வைக்கலாமா?

வைக்கலாம், கூகுளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நடைமுறையில் தொல்லை உண்டு. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், முகவரியாக மாறும்போது ஒவ்வொன்றும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். 'மரச்செக்கு-நல்லெண்ணெய்' என்ற இரண்டே சொல் 190 எழுத்தாகிவிடும். வேர்ட்பிரஸ் முகவரித் துண்டின் எல்லை 200. மூன்றாவது சொல் போட்டீர்களோ, வெட்டு விழும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் ஒரு முழத்துக்குச் சதவீதக் குறிதான் தெரியும். நான் சொல்வது: டைட்டில் தமிழில், முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக. தமிழில்தான் வேண்டும் என்றால் ஒன்று, இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் பகிரும்போது தெரியும் தலைப்பும் இதுதானா?

அதற்கு ஓபன் கிராஃப் டேகுகள் என்று தனியாக உண்டு: தலைப்பு, விளக்கம், படம். அவை இல்லாவிட்டால் பொதுவாக டைட்டிலும் டிஸ்கிரிப்ஷனும் எடுத்துக்கொள்ளப்படும். நம் ஊர்க் கடைகளுக்குத் தேடலில் வருபவர்களுக்கு இணையாகவே வாட்ஸ்அப் குரூப்பில் வருபவர்கள் இருப்பதால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள். எஸ்இஓ பிளகினிலேயே அதற்கும் பெட்டி இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் முழுத் தளத்தையும் கட்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கூகுள் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்துத் தலைப்பை எடுத்துவிடும், ஆனால் பகிரும்போது முன்னோட்டம் எடுப்பவை ஓட்டுவதில்லை. சர்வரிலிருந்து வரும் முதல் ஹெச்டிஎம்எல்-லிலேயே எல்லாம் இருக்க வேண்டும்.

இலங்கை வாசகர்களும் வருகிறார்கள். அவர்களுக்குத் தனி டைட்டில் வேண்டுமா?

ஒரே பக்கம் இரண்டு நாட்டுக்கும் என்றால் வேண்டாம். ஆனால் அவர்களுக்கென்றே எழுதும் பக்கம் என்றால் அவர்கள் சொல்லும் சொல்லை எழுதுங்கள். இங்கே காய்கறி, அங்கே மரக்கறி. இங்கே பிரெட், அங்கே பாண். 'மரக்கறி விலை' என்று தேடும் ஒருவருக்கு 'காய்கறி விலை நிலவரம்' என்ற டைட்டில் தன் ஊருக்கானதாகத் தோன்றாது. தனித்தனிப் பக்கம் இருந்தால் ஹெச்ரெஃப்லாங்கில் தமிழ்-இந்தியா, தமிழ்-இலங்கை என்று பிரித்துக் குறிக்க வசதி உண்டு.

எங்கள் பழைய தளத்தில் டைட்டில் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது, உள்ளே தமிழ் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

பாமினி மாதிரி பழைய ஃபாண்ட் குறியாக்கத்தில் தட்டிய தளமாக இருக்கும். பக்கத்துக்குள் அந்த ஃபாண்டை வைத்துத் தமிழாகக் காட்டலாம், டேபிலும் தேடல் முடிவிலும் உங்கள் ஃபாண்ட் செல்லாது, அதனால் உண்மையில் என்ன தட்டப்பட்டதோ அந்த ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடும். கூகுளுக்கு உங்கள் பக்கம் முழுக்கவே அப்படித்தான் தெரிகிறது, அதனால் தமிழில் தேடுபவர் கண்ணில் அது படவே படாது. டைட்டிலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, மொத்தத்தையும் எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. இருபது வருஷம் சேர்த்த எழுத்து யார் கண்ணிலும் படாமல் கிடக்கக் கூடாது.

கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ தெரிந்தால் அது வேறு. யுடிஎஃப்-8 என்ற அறிவிப்பு ஹெட் பகுதியில் இருக்கிறதா, டைட்டிலுக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் அது வர வேண்டும்.

ஒரு ஏஜென்சி டைட்டில் மாற்றி முதலிடம் உத்தரவாதம் என்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் பொருள் உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது, டைட்டிலை நீங்களே எழுதுங்கள்.

மாற்றிவிட்டேன். எப்போது தெரியும், பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது?

கூகுள் திரும்ப வந்து பக்கத்தைப் படிக்க வேண்டும், அதற்குச் சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். அவசரம் என்றால், தளம் நடத்துபவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் அந்த முகவரியைக் கொடுத்து இண்டெக்ஸ் செய்ய, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பலனைப் பார்ப்பதும் சர்ச் கன்சோலில்தான், அது இலவசம். செயல்திறன் அறிக்கையில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் எந்தெந்தச் சொல்லைத் தேடி அது தெரிந்தது, எத்தனை கிளிக், சராசரி இடம் எது என்று 16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். நிறையத் தடவை தெரிந்தும் கிளிக் குறைவாக விழும் பக்கங்கள்தான் முதலில் கை வைக்க வேண்டியவை. அந்தச் சொற்களின் பட்டியலை மெதுவாகப் படியுங்கள். கடைக்காரர் 'மரச்செக்கு' என்று எழுதியிருப்பார், வருபவர்கள் 'செக்கு எண்ணெய்' என்று மட்டும் தட்டியிருப்பார்கள், அல்லது டைட்டிலில் இல்லாத 'விலை' என்ற சொல்லோடு வந்திருப்பார்கள். அதைப் பார்த்து டைட்டிலைத் திருத்துங்கள். ஒரே சமயத்தில் தளம் முழுக்க மாற்றாமல் சில பக்கங்களை மட்டும் மாற்றி, மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, ஒரு மாதம் விட்டு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் எண்ணெய்த் தேடலே கூடிவிடும் என்பதால் போன வருஷம் அதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும்.